பதினேழும் இருபத்தேழும்

குழந்தை மருத்துவர் பெனாசிரிடம் பயிற்சி பெற்றுவந்த இளம் மருத்துவர் ருத்ரமூர்த்தி, அன்று மதியம் கொதிப்போடுதான் அறைக்குள் நுழைந்தார்.

காலையில் முகிலன் என்ற பன்னிரண்டு வயதுப் பையனை அவன் அம்மா அழைத்து வந்திருந்தாள். போன வாரம் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று பி.எம்.ஐ. பார்த்திருக்கிறார்கள். பிரார்த்தனை நேரத்தில் அவனை மேடையேற்றி, "பதினேழு. நோஞ்சான்" என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா சோற்றைத் திணிப்பதும், அவன் வாந்தி எடுப்பதுமாக இருந்திருக்கிறது.

"அவனுக்கு ஒரு குறையும் இல்லை, மேடம். பெரியவங்க அட்டவணையை வச்சுப் பார்த்திருக்காங்க. வளர்ற பிள்ளைக்கு வயசையும், ஆணா பொண்ணாங்கிறதையும் வச்சுல்ல பார்க்கணும்? இந்த வயசுப் பையனுக்குப் பதினேழு சரியான அளவு."

"என்ன செஞ்சீங்க?" என்றார் பெனாசிர்.

"நேரா பள்ளிக்கூடத்துக்கே போனேன். தலைமை ஆசிரியர்கிட்ட வளர்ச்சி வரைபடத்தைக் காட்டினேன். எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும் திருத்தணும்னு நின்னேன். பிள்ளைகளை மறுபடி வரிசையில நிக்க வச்சு, மைக்கிலயே மன்னிப்புக் கேட்டாங்க."

சொல்லும்போதே அவருக்குக் கொதிப்பு மறுபடி ஏறியது.

"மேடையில அவன் மட்டும்தான் நின்னானா?"

"கனிமலர்னு ஒரு பொண்ணும் நின்னாளாம். அவன் வகுப்புதான். அவளுக்கு இருபத்தேழு."

"அதையும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அவ வயசு வரைபடத்துல வச்சாலும் அதிகம்தான். அதுல அவங்க சொன்னது தப்பில்லை."

பெனாசிர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மன்னிப்புக் கேட்டப்போ அவ எங்க இருந்தா?"

ருத்ரமூர்த்தியின் குரல் இறங்கியது. "வரிசையிலதான். எல்லாரும் முகிலனுக்குக் கைதட்டினாங்க. சில பேர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க."

"இங்க கூட்டிட்டு வரச் சொன்னீங்களா? என்ன சாப்பிடுறா, நல்லாத் தூங்குறாளா, வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருக்கான்னு அவகிட்ட யாராவது கேட்டாங்களா?"

"இல்லை, மேடம்."

"நீங்க?"

ருத்ரமூர்த்தி கையிலிருந்த வளர்ச்சி வரைபடத்தை மடித்தார்.

பெனாசிர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவர் முகம் சிவந்திருந்தது.

"கணக்குத் தப்புன்னுதான் உங்களுக்குக் கோபம் வந்திருக்கு. கணக்கு சரியா இருந்திருந்தா, முகிலனையும் அந்த மேடையிலயே விட்டுட்டு வந்திருப்பீங்க."