அண்டாவில் வந்த கெளுத்தி

ஏரிக்கரை மடத்தில் சாமியைவிடச் சீடர் சிவக்கொழுந்துக்குத்தான் வயசு அதிகம். கோபமும் அவருக்குத்தான் அதிகம்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் சந்தைக்குப் போவார். மீன் கூடைகளில் இன்னும் உயிரோடு துடிக்கிறதாகப் பார்த்து வாங்கிவந்து, பதிகம் பாடி ஏரியில் விடுவார். மற்ற மீனெல்லாம் தண்ணியை விட்டு எடுத்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். மீசை வைத்த ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் வெயிலிலும் புரண்டுகொண்டு கிடக்கும். அதனால் அவருடைய அண்டாவில் வருவது எப்போதும் அதுதான்.

அன்றைக்கும் அண்டா நிறைய வந்தது. அவர் முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

"சாமி, செவ்வரிக் கெண்டையைக் கண்ணுலயே காணோம். வேற எந்தத் தண்ணியிலயும் இல்லாத மீனு. இங்கயும் அத்துப்போனா அவ்வளவுதான். யாரைச் சபிக்கிறது, சொல்லுங்க."

"யாரைச் சபிக்கிறதா இருக்கீர்?"

"வலைக்காரங்களைத்தான். ஈவு இரக்கம் கெட்ட ஜனம். குஞ்சைக்கூட விடாம வழிச்சிட்டுப் போறாங்க. நாசமாப் போக!"

"யாரு நாசமாப் போக?"

வாசலில் வலைக்காரி அஞ்சலாட்சி நின்றாள். தோளில் ஈர வலை. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி.

"கெண்டை முட்டை வைக்கிற மாசத்துல வலையைச் சுருட்டிப் பரண்ல போட்டுட்டுக் கல்லுடைக்கப் போற சனம் நாங்க. எங்களுக்கா சாபம்? இன்னிக்கு என் வலையில உம்ம புண்ணியம்தான் விழுந்துச்சு, பெரியவரே. இந்தாரும்!"

கெளுத்தி படிக்கல்லில் வந்து விழுந்தது.

"ஐயையோ, மடத்துக்குள்ள மீனா!" சிவக்கொழுந்து துள்ளி விலகினார்.

சாமி எழுந்து வந்தார். "அஞ்சலாட்சி, அதை அறு."

"இங்கயா சாமி?"

"இங்கதான்."

அவள் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தாள். ஒரே இழுப்பு. வயிறு பிளந்து, வழவழவென்று கெண்டைகள் கல்லில் சரிந்தன. பாதி கரைந்தவை, கரையாதவை. ஒன்றின் விலாவில் சிவப்புக் கோடு இன்னும் மங்கவில்லை.

சிவக்கொழுந்து அண்டாவைப் பார்த்தார். உள்ளே மீசைகள் நெளிந்தன.

"என்ன பெரியவரே, அண்டாவையே பாக்குறீங்க? பாடுங்க. ஏரியில விட நேரமாகுதில்ல?" என்றாள் அஞ்சலாட்சி.

"தெரியாது சாமி. உயிரைக் காப்பாத்துறதாத்தான் நெனச்சேன்."

"இப்ப தெரிஞ்சுபோச்சு. அண்டாவை இவகிட்டக் கொடும்."

"கொன்னுடுவாளே!"

"கொல்லுவா. குழம்பும் வைப்பா."

சிவக்கொழுந்து குனிந்து அண்டாவைக் கட்டிக்கொண்டார். "மாட்டேன் சாமி. வாங்கினது நான், அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். பிறந்ததுலேருந்து ஒரு மீனை வாயில வெச்சதில்ல நான்!"

சாமியின் கண் சிவந்துவிட்டது. கல்லில் கிடந்த கெண்டையை எடுத்தார். சிவக்கொழுந்தின் கையை அண்டாவிலிருந்து பிடுங்கி, உள்ளங்கையில் அதை வைத்து அழுத்தினார்.

"பொய். இதெல்லாம் நீர் தின்னது."