கருவி நலம் சொன்ன செடி

தேயிலைத் தோட்டத்துத் துரை, இலையைக் கிள்ளாமலே அதன் நலம் சொல்லும் கைக்கருவி ஒன்று வாங்கியிருந்தார். ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் வேர் அழுகுது என்று கொழுந்து பறிக்கும் பேச்சித்தாய் சொன்னதும், அங்கே எல்லாம் நலம் என்று கருவி காட்டியிருந்ததால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“கருவி சொல்றது தப்புன்னு காட்டு. இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்லை.”

மறுநாள் காலை ஒரே மூடுபனி. காட்டில் பூச்சிச் சத்தம்கூட இல்லை. அவள் காட்டிய செடியின் இலையில் துரை கருவியை மாட்டினார்.

“நாற்பத்தெட்டு. நல்லாத்தான் இருக்கு.”

பேச்சித்தாய் அந்தச் செடியை ஒரு கையால் தூக்கினாள். அடியில் வேரே இல்லை.

“விடியக்காலம் நான்தான் வெட்டி ஊனி வச்சேன், தொரை.”

“ஏமாத்துக்காரி” என்று துரை பக்கத்துச் செடியைப் பிடித்து இழுத்தார். அதுவும் சத்தமில்லாமல் கையோடு வந்தது.

“அத நான் வெட்டலைங்க” என்றாள் பேச்சித்தாய்.