ஏழு மணிக் கடிதம்

"பக்கத்து வீட்டுக்காரி என்னை ரேடியோ கேக்கவிட மாட்டேங்கிறா, டீச்சர்" என்றார் சிதம்பரநாதன்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. டீச்சர் மரகதவல்லிக்கு முப்பத்தைந்து. டீச்சர் ரேடியோ பழுது பார்ப்பவர். சிற்றலை நிலையங்களைப் பிடித்துக் கேட்க ஐந்தாறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர்களில் சிதம்பரநாதன் வயதில் முதல், பொறுமையில் கடைசி.

"என்ன செய்றாங்க?"

"தையல் மெஷின்ல மோட்டார் வச்சிருக்கா. ரேடியோவில கொர்ர்னு ஒரே இரைச்சல். சாயங்காலம் மோட்டார் போடக்கூடாதுன்னு சண்டை போட்டேன். ஒரு மாசமா காலாலதான் மிதிக்கிறேங்கிறா. இரைச்சல் போகலையே! திருட்டுத்தனமா போடுறா."

"இன்னிக்கு என்ன இவ்வளவு அவசரம்?"

"ஏழு மணிக்கு என் கடிதத்தை வாசிக்கப் போறாங்க. இருபது வருஷமா எழுதுறேன். இதுதான் முதல் தடவை."

ஆறரைக்கு டீச்சர் அவர் வீட்டுக்கு வந்தார்.

ரேடியோவின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு நாலு பேட்டரி போட்டார். பிறகு மெயின் சுவிட்சை இறக்கினார். மின்விசிறி நின்றது.

ரேடியோ சுத்தமாகப் பேசியது.

"பாத்தீங்களா! அவ மோட்டார் நின்னதும்..."

"நான் இறக்கினது உங்க வீட்டு மெயின், சார்."

சிதம்பரநாதன் நின்றுபோன விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

டீச்சர் மெயினை ஏற்றினார். விசிறி சுற்றியது. பிரிட்ஜ் ஓடத் தொடங்கியது. இரைச்சல் இல்லை.

அடாப்டரைச் சொருகினார். கொர்ர்.

பிடுங்கினார். நின்றது.

"இது எப்ப வாங்கினது?"

"ரெண்டு மாசம் இருக்கும். ரேடியோ நல்லா கேக்கணும்னுதான்..."

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. காலால் மிதிக்கும் சத்தம்தான். சிதம்பரநாதனுக்கு வெட்கமாக இருந்தது.

"போய்ச் சொல்லிட்டு வரேன், டீச்சர்."

"கூட்டிட்டே வாங்க. உங்க கடிதத்தை அவங்களும் கேக்கட்டும்."

பக்கத்து வீட்டுப் பாக்கியசெல்வி வந்தாள். சேலையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"தப்பு என் மேலதாம்மா. நீ மோட்டாரே போட்டுக்கோ."

"சரிங்க சார்" என்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

மணி ஏழு. அறிவிப்பாளர் சிதம்பரநாதனின் பெயரைச் சொன்னார். அவர் முகம் மலர்ந்தது. அப்போதுதான், அந்தக் கடிதத்தில் என்ன எழுதினோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

கை ரேடியோவின் குமிழுக்குப் பாய்ந்தது.

"கூச்சப்படாதீங்க, சார்" என்று டீச்சர் குமிழை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அறிவிப்பாளர் வாசித்தார்:

"'என் பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாள். அடுத்தவர் கஷ்டம் தெரியாத பெண். நான் உங்கள் நிகழ்ச்சியைக் கேட்கக்கூடாது என்றே மோட்டாரைப் போடுகிறாள்...'"

பாக்கியசெல்வி கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

"ரொம்பத் தெளிவாக் கேக்குதுங்க, சார்" என்றாள்.