அட்டை விசிறி வியாபாரம்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லாப நட்டக் கணக்கைக் கடை போட்டே சொல்லிக்கொடுத்தார் ஜெசிந்தா டீச்சர். பள்ளிக்கூடத் தாளாளர் அம்பலவாணனுக்கு அது பிடிக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகள் கடை போட்ட சந்தை நாளன்று, பங்குனி வெயிலில், பெற்றோர் நிறைந்த பந்தலில் மைக்கைப் பிடித்தார்.

"முதலே போடாம லாபம் எடுக்கத் தெரியுமா உங்களுக்கு? நான் பேசி முடிக்கிறதுக்குள்ள ஒரு பிள்ளை எடுத்துக் காட்டட்டும். இல்லேன்னா இந்தக் கடை விளையாட்டு இன்னையோட சரி."

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். தவமணி மட்டும் எழுந்து போனாள். கடைகளுக்குப் பின்னால் வீசப்பட்டுக் கிடந்த அட்டைப் பெட்டிகளைக் கிழித்தாள். வியர்த்து வழிந்தவர்களுக்கு ஒரு துண்டு ஒரு ரூபாய் வாடகைக்கு விசிறியாகக் கொடுத்தாள். தாளாளர் தன் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். அவர் பேசப் பேசக் கூட்டம் அட்டை கேட்டது. நடுவில் அவரே கையை நீட்டி ஒன்று வாங்கிக்கொண்டார்.

ஒருவழியாக அவர் முடித்ததும், சில்லறை நிறைந்த டப்பாவைத் தவமணி மேசையில் வைத்தாள்.

"முதல் இல்லாம இவ்வளவா? யார் குடுத்தது?" என்றார் அவர்.

"முதல் உங்களோடதுதாங்க ஐயா. நீங்க சுருக்கமாப் பேசியிருந்தா யாரும் அட்டை கேட்டிருக்க மாட்டாங்க."

பந்தலே சிரித்தது. அவர் வேகவேகமாக விசிறிக்கொண்டார். தவமணி நகரவில்லை.

"உங்க அட்டைக்கு மட்டும் வாடகை பாக்கிங்க ஐயா. அடுத்த சந்தைக்கு அதுதான் முதல்."