சடையப்பன் ஊத்தின சீனிப்பாகு

சிரிக்கத் தயாரா இருங்க. ஆனா இப்பச் சிரிக்கக் கூடாது, வயித்துக்குள்ளயே அடக்கி வைங்க, நான் சொல்லும்போது வெளிய விடலாம். ஏய், அங்க யாரு பல்லைக் காட்டுறது? மூடு!

ஒரு மலைமேல ஒரு ஊராம். அந்த ஊர்ல வெள்ளத்தாயின்னு ஒருத்தியாம். அவ வீட்டுக் கொல்லையில ஒரு தேன்பெட்டியாம். மார்கழி வந்து, பனி கொட்டி, பூவெல்லாம் கருகி, தேனீ ஒண்ணுகூட வெளிய வராம, பெட்டிக்குள்ள ஒண்ணையொண்ணு கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் பந்தாக் கிடந்துச்சாம். விடிஞ்சதும் வெள்ளத்தாயி பெட்டியில காதை வைப்பா. 'ம்ம்ம்'னு கேட்டாத்தான் அவளுக்குக் கஞ்சி இறங்கும். அப்புறம் பெட்டியை லேசாத் தூக்கிப் பார்ப்பா. கனமா இருந்தா உள்ள தேன் இருக்கு, பிள்ளைங்க பசியில்லாமக் கிடக்கும். அதுக்குன்னே கடைசித் தேனடையை அவ தொடாம விட்டிருந்தா.

ஒருநாள் தூக்கினா, பெட்டி வெறும் முறமாட்டம் வருது! அடையைக் காணோம். 'ம்ம்ம்' கொசுச் சத்தமா மெலிஞ்சு போச்சு. பாவம், அழுதுக்கிட்டே வீட்டுல இருந்த சீனியையெல்லாம் பாகாக்கி ஊத்தினா. மூணே நாள்தான் வந்துச்சு.

வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்தா, பக்கத்து வீட்டுச் சடையப்பன் நிக்கிறான். கன்னம் பணியாரமா உப்பியிருக்கு.

"என்னண்ணே கன்னத்துல?"

"பவ்வு வவி, தாயி!"

பல்லு வலிக்கு நெத்தியில தேனீக் கொடுக்கு குத்தி நிக்குமா? அவ அதைக் கேட்டுக்கல. பெருமூச்சு விட்டா.

"எவனோ அவசரப்பட்டுட்டாண்ணே. குளிர்ல எடுத்தா ஒரு அடைதான். பூப் பூக்கிற வரைக்கும் காப்பாத்தினா மூணு அடை! யாராச்சும் கூட நின்னா, அவங்க பங்கு அவங்களுக்கு."

"மூவ்வா?"ன்னான் சடையப்பன்.

மறுநாள், "அண்ணே, பசிக்குதாம்"னா. அவன் சீனி மூட்டையைத் தூக்கிட்டு வந்து பாகு காய்ச்சி ஊத்திட்டு, தான் வெறுங்காப்பி குடிச்சான். "அண்ணே, குளிருதாம்"னா. போர்த்தியிருந்த கம்பளியை உருவிப் பெட்டிக்குச் சுத்திட்டு, தான் நடுங்கினான். "அண்ணே, வாடை அடிக்குதாம்"னா. தன் வீட்டு வாசல்ல கதவா இருந்த படலைக் கழட்டிப் பெட்டிக்கு மறைப்பு கட்டிட்டு, வாசல்ல தானே படலாட்டம் குந்திக்கிட்டான்.

சிரிக்காதீங்க, இன்னும் இல்ல!

பங்குனி வந்துச்சு, காப்பிப்பூ பூத்து மலையெல்லாம் வெளுத்துச்சு, தேனீயெல்லாம் 'ம்ம்ம்ம்'னு கிளம்புச்சு. கொஞ்ச நாள்ல பெட்டிக்குள்ள மூணு அடை! வெள்ளத்தாயிக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. சடையப்பன் பானையோட ஓடியாந்தான்.

"தாயி, என் பங்கு?"

"அதை மார்கழியிலயே எடுத்துட்டியேண்ணே! பல்லு வலி தேவலையா?"

சடையப்பன் கை தானா கன்னத்துக்குப் போச்சு.

"அப்போ... என் சீனி... என் கம்பளி... என் படல்..."

தின்னவனே தீனி போட்டான், பெட்டியும் கனத்துச்சு, கதையும் ஆச்சு.

ம், இப்பச் சிரிங்க!