சகாயமேரியின் சுவரொட்டி

கனகவல்லி கணினியில் எழுத்துரு வடிவமைப்பவர். வேலாயுதம் அவரிடம் தொழில் பழகினார். வயதில் சீடர்தான் மூத்தவர். ஆனாலும் "மேடம்" என்றே கூப்பிடுவார்.

பல மாதம் பாடுபட்டு வேலாயுதம் ஓர் எழுத்துருவை முடித்திருந்தார். அந்தக் காலத்துப் பிஸ்கட் டப்பாக்களில் இருக்குமே, அந்த மாதிரி. எழுத்துக்குக் கீழே சின்னப் பாதம், முனையில் கொடிபோல ஒரு சுருள். ஒரு கல்யாணப் பத்திரிகையிலும் அல்வாக் கடைப் பலகையிலும் பெயர் மட்டும் அதில் வந்தது. பார்த்தவர்கள் மெச்சினார்கள். வேலாயுதத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இதை வேற எதுக்கெல்லாம் வைக்கலாம், மேடம்?"

"வெச்சுப் பாருங்க. அதுவே சொல்லும்."

அந்த வாரம் பக்கத்துத் தெரு சகாயமேரி இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி கேட்டுக் காலையிலேயே வீட்டார் வந்தார்கள். வேலாயுதம் பெயரைத் தன் எழுத்தில் வைத்தார். அழகாக இருந்தது. கை அதோடு நிற்கவில்லை. கடைசி வரியில் பொடியாக வரும் அடக்க நேரத்தையும் இடத்தையும்கூட அதிலேயே வைத்தார்.

கனகவல்லி எட்டிப் பார்த்தார். "அச்சுக்கு அனுப்புங்க."

சில நாள் கழித்து ஒருவர் வந்தார். சவரம் செய்யாத முகம். கையில், சுவரிலிருந்து உரித்த சுவரொட்டி.

"இதைச் செஞ்சது யாரு?"

"நான்தாங்க."

"அவ என் தங்கச்சி. பேரு தெரு முனையிலேயே தெரிஞ்சுது. பாவி மக, ராணி மாதிரி இருந்தா."

பாராட்டு என்று நினைத்து வேலாயுதம் கைகூப்பப் போனார்.

"திருப்பூர்லேருந்து வந்தேன். போன் வழியிலேயே அணைஞ்சு போச்சு. வீடு பூட்டிக் கிடந்துச்சு. எல்லாரும் அடக்கத்துக்குப் போயிட்டாங்க. எனக்கு வழி சொல்ல சுவர்ல இது ஒண்ணுதான். கடைசி வரியைப் படிங்க."

வேலாயுதம் குனிந்தார். சின்ன அளவில் சுருள்கள் மை குடித்து ஒன்றோடொன்று அப்பிக் கிடந்தன. செய்தவராலேயே படிக்க முடியவில்லை.

"போறவன் வர்றவனை எல்லாம் கேட்டேன். ஒரு காலேஜ் பையன் 'டிசைன் சூப்பருண்ணே'ன்னுட்டுப் போறான். பழைய கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். அடக்கம் புதுத் தோட்டத்துலயாம். அங்க போறப்ப மண்ணை மேடு கட்டிட்டிருந்தாங்க."

சுவரொட்டியில் தங்கையின் பெயரைத் தடவினார்.

"முகம் பார்க்கல."

அவர் திட்டவில்லை. சுவரொட்டியை மேசைமேல் விரித்து, பெயர் இருந்த பகுதியை மட்டும் பதமாகக் கிழித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மீதியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

வேலாயுதம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இந்த எழுத்தையே அழிச்சிடறேன், மேடம்."

"அவரு கொண்டுபோனது எதை?"

வேலாயுதம் அவர் பக்கம் திரும்பினார். "நீங்களும் பார்த்தீங்களே. ஒரு வார்த்தை தடுத்திருக்கலாமே?"

மேசைமேல் கிடந்த துண்டைக் கனகவல்லி கையில் எடுத்தார்.

"பார்த்தேன். நானும் படிக்கல."