செம்பருத்திக்குச் செய்ததே தோட்டக்காரனுக்கும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, நாட்டை ஆண்ட நேரம் போகச் செடிகளையும் ஆண்டுகொண்டிருந்தார். அரண்மனை ஜிமிக்கிச் செம்பருத்தி மாடி வரைக்கும் வளர வேண்டுமாம். ராணி ஜன்னலில் நின்றபடியே பூப்பறிக்க வேண்டுமாம். "ஒரு கிளையையும் வெட்டக் கூடாது!" என்று உத்தரவு போட்டார்.

செடி வளர்ந்தது, விகடகவி வாஞ்சியப்பரின் கால்களைப் போல, ஒல்லியாக, கோணலாக. பூ மட்டும் நுனியில் ஒன்றோ இரண்டோ.

புதுத் தளிரில்தானே பூ வரும்? தோட்டக்காரன் அழகாண்டிக்குக் கை சும்மா இருக்கவில்லை. ராஜா வேட்டைக்குப் போன நாளில் செடியைப் பாதியாகக் கழித்துவிட்டான்.

திரும்பிவந்த ராஜா மொட்டைக் குச்சிகளைப் பார்த்தார். மீசை துடித்தது.

"செடிக்கு இவன் என்ன செய்தானோ, அதையே இவனுக்கும் செய்யுங்கள்! நான் தீர்த்த யாத்திரை முடித்து வருவதற்குள் எல்லாம் நடந்திருக்க வேண்டும்."

மந்திரி அனந்தமூர்த்திக்கு வாஞ்சியப்பரைக் கண்டாலே ஆகாது. "பிரபு, அந்தப் பொறுப்பை விகடகவிக்கே அளியுங்கள். இரக்கப்பட்டுக் கட்டளையில் ஒன்று குறைத்தாலும் அவர் தலையும் போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்று சொல்லி ராஜா பல்லக்கில் ஏறிவிட்டார். மந்திரியும் உடன் போனார்.

அழகாண்டி வாஞ்சியப்பரின் காலில் விழுந்தான். "சாமி, ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குதுங்க. கையா, கழுத்தா, எதுல ஆரம்பிப்பீங்க?"

"எழுந்திருய்யா. செடிக்கு என்னென்ன செஞ்ச? ஒண்ணு விடாம சொல்லு."

அவன் அழுதுகொண்டே சொன்னான்.

அன்று முதல் வாஞ்சியப்பருக்குத் தூக்கம் போயிற்று. விடிந்ததும் போய் அந்தக் குச்சிகளைத் தடவிப் பார்ப்பார். பிறகு தன் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்.

யாத்திரை முடித்து ராஜா வந்தார். பின்னால் மந்திரி, வாயெல்லாம் பல். அழகாண்டியோ பந்தல் நிழலில், கன்னம் உப்ப, நெய்ச்சோறு உண்டுகொண்டிருந்தான்.

"எங்கே தண்டனை?" என்று ராஜா கர்ஜித்தார்.

வாஞ்சியப்பர் கும்பிட்டார். "நிறைவேறிவிட்டது, பிரபு. நீண்ட கிளையைக் குறைத்தான். இவன் குடுமியைக் குறைத்தோம். உளுத்த கிளையை நீக்கினான். இவனுடைய சொத்தைப் பல்லைப் பிடுங்கினோம். செடி அலறவில்லை, இவன் அலறினான், அது ஒன்றுதான் குறை. தினமும் தண்ணீர் விட்டான், குளிப்பாட்டினோம். எரு வைத்தான், அதை இவன் தின்ன மறுத்ததால் நெய்ச்சோறு."

"கேலி செய்கிறார், பிரபு!" என்று மந்திரி கத்தினார். "செடி செத்தது. இவனும் சாக வேண்டும்!"

ராஜா தோட்டத்துப் பக்கம் நடந்தார். வாஞ்சியப்பர் கண்ணை மூடிக்கொண்டே பின்தொடர்ந்து, ராஜாவின் முதுகில் முட்டி நின்றார்.

வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கிளைகள். கிளைக்குக் கிளை ஜிமிக்கி ஜிமிக்கியாகச் சிவப்புப் பூக்கள் ஆடிக்கொண்டிருந்தன. ராஜா செடியைப் பார்த்தார். திரும்பி அழகாண்டியின் கன்னத்தைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இரண்டும் ஒரே மாதிரிதான் தழைத்திருக்கின்றன! அழகாண்டி, நீ வீட்டுக்குப் போ, பிள்ளைகள் காத்திருப்பார்கள். வாஞ்சியப்பரே, உமக்கு என்ன வெகுமதி வேண்டும்?"

"அதே தண்டனை, பிரபு. இத்தனை நாளாகப் பயத்தில் ஒரு கவளம் இறங்கவில்லை."

"குடுமியையும் குறைக்க வேண்டுமே!"

வாஞ்சியப்பர் தலைப்பாகையைக் கழற்றினார். வெயில் பட்டுத் தலை பளபளத்தது.

"அதைக் கவலையே கவனித்துக்கொண்டது, பிரபு. நேராகச் சாப்பாட்டுக்கே போய்விடலாம்."

ராஜா மறுபடியும் சிரித்தார். இலை போடச் சொன்னார். நெய் ஊற்றும் வேலை மந்திரிக்குக் கிடைத்தது.